தவளைக் கச்சேரி என்னும் மாயை

பிராணி சாஸ்திரப் பாடநூல்களிலும், இயற்கையைப் பற்றி எழுதும் பத்திரிகைகளிலும், தொலைக்காட்சியில் வனக் காட்சிகளுக்குப் பின்னணியாகச் சொல்லப்படும் வியாக்கியானங்களிலும், ஓர் அபிப்பிராயம் யாராலும் கேள்வி கேட்கப்படாமல் பல்லாண்டுகளாக நடமாடி வருகிறது. மழை பெய்து குளம் நிறைந்த இரவில் ஒவ்வொரு தவளை இனமும் தனக்கென்றே விதிக்கப்பட்ட ஒரு குரலில் அழைக்கிறது என்றும், அந்தக் குரலின் பொருள் அந்த இனத்துப் பெண்ணுக்கு மாத்திரமே விளங்குமாதலால் அது பிறழாமல் தன் இனத்து ஆணையே நாடிச் செல்கிறது என்றும், ஆகையால் ஒரே நீர்நிலையில் நெருங்கிய உறவுள்ள பத்து இனங்கள் கத்தினாலும் ஒன்றின் காரியத்தில் மற்றொன்று குறுக்கிடுவதில்லை என்றும், நல்ல கச்சேரியில் வீணையும் மிருதங்கமும் தத்தம் இடமறிந்து ஒலிப்பதுபோல அவை ஸ்வரத்தையும் காலத்தையும் பங்கிட்டுக்கொண்டு இசைந்து வாழ்கின்றன என்றும் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு மிக இனிமையான கொள்கை இது. இதில் பாதி உண்மையும் இருக்கிறது; அந்தப் பாதி உண்மையின் நிழலில்தான் மற்றப் பாதியும் இத்தனை காலம் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம். டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் பணியாற்றிய டபிள்யூ. ஃபிராங்க் பிளேர் 1950களில், ஒலிப்பதிவுக் கருவியின் துணைகொண்டு, உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றும் தவளைகள் குரலில் வேறுபடுவதையும், இனங்கள் கலந்துவிடாமல் காக்கும் முதல் அரண் அந்த வேறுபாடே என்பதையும் எடுத்துக்காட்டினார். வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகள் இரண்டும் இதற்கு உத்தமமான உதாரணம். ஹைலா கிரைசோஸ்கெலிஸ் என்பதற்கு 24 குரோமோசோம்கள். ஹைலா வெர்சிகலர் என்பதற்கு அதன் இரட்டிப்பாக 48. அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வேற்றுமை புலப்படாது. ஆனால் ஒரே வெப்பநிலையில் முன்னதன் குரல் பின்னதன் குரலைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் துடிக்கிறது. மிஸௌரி சர்வகலாசாலையின் கார்ல் ஜெர்ஹார்ட், ஒலிபெருக்கிகளுக்கு நடுவே பெண் தவளையை விட்டுப் பார்த்தபோது, அது பெரும்பாலும் தன் இனத்தின் துடிப்பை நோக்கியே சென்றது. இரவு குளிர்ந்தால் ஆணின் துடிப்பு மந்தமாகிறது; அதே குளிரில் இருக்கும் பெண்ணின் விருப்பமும் அதற்கேற்ப இறங்கிவிடுகிறது என்பதை அவர் 1978-ல் காட்டினார். அதற்கு முன்பே ராபர்ட் கப்ரானிகா, வட அமெரிக்காவின் பெரிய தவளையான புல்ஃப்ராக்கின் செவி தன் இனக்குரலின் அதிர்வெண்களுக்கே கூர்மையாக அமைந்திருப்பதைக் கண்டறிந்திருந்தார். இவை யாவும் திடமான நிரூபணங்கள். இவற்றோடு எனக்கு யாதொரு பிணக்கும் இல்லை. இவற்றின் மேல் அவசரமாக எழுப்பப்பட்ட சித்தாந்தத்தோடுதான் பிணக்கு.

அந்தச் சித்தாந்தத்தின் முதற்பிழை, குரலை இனத்தின் பிறவிச் சொத்தாகக் கருதியது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் லிட்டோரியா எவிங்கி, லிட்டோரியா வெர்ரோக்ஸி என்று நெருங்கிய உறவுள்ள இரண்டு மரத்தவளைகள் உண்டு. மெல்பர்னைச் சேர்ந்த மர்ரே லிட்டில்ஜான் 1965-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவை தனித்தனியே வாழும் பிரதேசங்களில் இரண்டின் குரலும் பெரிதும் ஒத்திருப்பதையும், இரண்டும் ஒரே நீர்நிலையைப் பகிர்ந்துகொள்ளும் பிரதேசங்களில் துடிப்பின் வேகம் தெளிவாகப் பிரிந்து நிற்பதையும் பதிவு செய்தார். குரல் இனத்துக்கு விதிக்கப்பட்டது என்றால் எவிங்கி எங்கே இருந்தாலும் எவிங்கியாகவே கத்த வேண்டாமா? அண்டையில் உறவினன் இல்லாத ஊரில் ஒரு விதமாகவும், உறவினன் வந்து குடியேறிய ஊரில் வேறு விதமாகவும் கத்துகிற பிராணியின் குரலை அதன் பிறவி அடையாளம் என்று எப்படிச் சொல்லுவது? பெண்ணின் செவிக்கும் இதே கதிதான். மேலே சொன்ன கிரைசோஸ்கெலிஸின் பெண்கள், வெர்சிகலருடன் சேர்ந்து வாழும் இடங்களில் துடிப்பின் வேகத்தில் காட்டும் கண்டிப்பை, அதன் வாடையே இல்லாத தூரப் பிரதேசங்களில் அவ்வளவாகக் காட்டுவதில்லை என்று, பழைய கொள்கைக்குச் சிறந்த சாட்சியம் தந்த அதே ஜெர்ஹார்ட் 1994-ல் எழுதினார். அந்தச் சாட்சியத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைக் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் சூடாக்ரிஸ் ஃபெரியாரம் என்னும் சிறு தவளையைப் பற்றி எமிலி லெம்மன் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே செல்லுகிறது. அங்கே ஒரே இனம், ஓரிடத்தில் ஓர் உறவினத்தோடும் மற்றோரிடத்தில் வேறோர் உறவினத்தோடும் சேர்ந்து வாழ நேர்ந்தபோது, அந்தந்த அண்டையினத்துக்குத் தக்கபடி அதன் குரல் வெவ்வேறு திசையில் நகர்ந்திருக்கிறது. நகர்ந்த குரல் அதிக சக்தியைச் செலவழிக்க வேண்டிய குரலாகவும் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் மழைக்காட்டில் நடந்திருப்பதோ இவ்வரிசையின் சிகரம். லிட்டோரியா ஜெனிமாகுலாட்டா என்று அழைக்கப்பட்ட தவளையின் வடக்கு வம்சமும் தெற்கு வம்சமும் நெடுங்காலம் பிரிந்திருந்து மறுபடி சந்தித்தன. தெற்கு வம்சத்தின் ஒரு சிறு கூட்டம் குராண்டா என்னும் ஊரை அடுத்து, வடக்கு வம்சத்தின் நடுவே தனித்து அகப்பட்டுக்கொண்டது. கலப்பினால் சந்ததி நஷ்டப்படும் அந்த நெருக்கடியில் அக்கூட்டத்தின் குரல், வடக்கிலிருந்து விலகியதோடு நில்லாமல், தான் பிறந்த தெற்கு வம்சத்தின் குரலிலிருந்தும் விலகிவிட்டது. இன்று அதன் பெண்கள் இரண்டையுமே ஏற்பதில்லை. கான்ராட் ஹாஸ்கினும் அவருடைய சகாக்களும் 2005-ல் இதை விவரித்தார்கள். 2007-ல் அக்கூட்டத்துக்கு லிட்டோரியா மையோலா என்று தனி இனப்பெயரே சூட்டப்பட்டது. இனம் முதலில் உண்டாகிறது, பிறகு அதன் அடையாளமாகக் குரல் அமைகிறது என்பது நாம் படித்த பாடம். குராண்டாவில் காரண காரியம் தலைகீழாக நிற்கிறது: அண்டையினம் குரலைத் திருத்தியது, திருந்திய குரல் இனத்தைப் படைத்தது.

குரலைப் பங்கிட்டுக்கொள்வதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று இசைவுக் கொள்கையினர் பேசுகிறார்களே, அந்த நஷ்டக்கணக்கைச் சற்றுப் பார்ப்போம். அரிஸோனாவின் வறண்ட பிரதேசங்களில், பின்னங்காலில் மண்வெட்டி போன்ற முனையுடைய தேரைகள் இரண்டு, ஸ்பியா மல்டிப்ளிகேட்டா, ஸ்பியா பாம்பிஃப்ரான்ஸ் என்பவை, கோடை மழையில் உண்டாகும் தற்காலிகக் குட்டைகளில் கூடுகின்றன. மல்டிப்ளிகேட்டா தனித்து வாழும் இடங்களில் அதன் பெண்கள் விரைந்து கத்தும் ஆணை விரும்புகின்றன. அவ்வாறு கத்துவது நல்ல உடல்நிலையுள்ள ஆண். அதனோடு சேர்ந்தால் முட்டைகளில் அதிகப் பங்கு கருவுறுகிறது. ஆனால் பாம்பிஃப்ரான்ஸும் கலந்து வாழும் குட்டைகளில், மிக விரைந்த குரல் அந்த அயலினத்தின் குரலைப்போல் ஆகிவிடுவதால், பெண்கள் தங்களுக்கு மேலான ஆணைக் கைவிட்டு, நடுத்தரமாகக் கத்தும் ஆணோடு திருப்தி அடைகின்றன. காரின் ஃபென்னிக் 2000-ல் வெளியிட்ட இந்த முடிவை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பதுண்டு. இனம் கலக்காமல் தப்புவதற்காகப் பெண் கொடுக்கும் விலை இது. அந்த விலையை வாங்குவது, அங்கே அயலினத்தின் குரல் ஒலிக்கிறது என்ற ஒரே காரணம். அயலான் அவளைத் தொடவில்லை, துரத்தவில்லை, உணவைப் பறிக்கவில்லை. தன் வழியில் கத்தினான், அவ்வளவே. அந்தக் கத்தலே போட்டியாகிவிட்டது. இதைப் பங்கீடு என்று சொல்லுகிறவர், பாகப்பிரிவினையில் ஏமாற்றப்பட்டவனைப் பார்த்து, உனக்கும் ஒரு பங்கு கிடைத்ததல்லவா என்று கேட்கிறவர்தாம்.

இனி, பெண் தவறவே தவறாது என்னும் இரண்டாவது தூணுக்கு வருவோம். இதே அரிஸோனாக் குட்டைகளில் மற்றோர் இனமாகிய பாம்பிஃப்ரான்ஸின் பெண் என்ன செய்கிறது? ஆழமான நீரில் வைத்துக் குரல்களைக் கேட்பித்தால் தன் இனத்து ஆணையே தேர்ந்துகொள்கிறது. நீர் ஆழமின்றி இருந்தால், சீக்கிரம் வற்றிவிடும் குட்டை என்பதற்கு அறிகுறி அதுவாதலால், தன் விருப்பத்தை மாற்றிக்கொண்டு அயலினத்து ஆணின் குரலை நாடத் தலைப்படுகிறது. உடல்நிலை நலிந்த பெண்களிடம் இது இன்னும் அதிகம். காரணம் தெளிவானது. அந்தக் கலப்பில் பிறக்கும் தலைப்பிரட்டைகள் தூய பாம்பிஃப்ரான்ஸ் குஞ்சுகளைவிட விரைவாக வளர்ந்து, நீர் வற்றுவதற்குள் கரையேறிவிடக் கூடியவை. கலப்பு ஆண்கள் மலடுதான். பெண்களின் முட்டைவளமும் குறைவுதான். ஆனாலும் குட்டையோடு சேர்ந்து குஞ்சுகள் எல்லாம் காய்ந்து போவதைவிட, குறையுள்ள சந்ததி மேல் அல்லவா? 2007-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சிக்குப் பிறகும் பெண் தவளையைப் பூட்டு என்றும் ஆணின் குரலைச் சாவி என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே பெண் நீரின் ஆழத்தையும் தன் உடம்பின் வலிமையையும் சேர்த்து எடைபோட்டு, கேட்கும் குரலுக்கு அன்றைக்கு என்ன மதிப்பு என்று தீர்மானிக்கிறது.

தானே விரும்பி அயலினத்தை நாடுவது ஒரு வகை. நாடாமலே அகப்பட்டுக்கொள்வது மற்றொரு வகை. அலபாமாவின் ஆபர்ன் நகரையொட்டிய குளங்களில் ஹைலா கிராடியோஸா என்னும் குரைக்கும் மரத்தவளையும் ஹைலா சினெரியா என்னும் பச்சை மரத்தவளையும் கலந்து வந்தன. தாய்வழியாக மாத்திரமே இறங்கும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.யை லாம்பும் அவைஸும் 1986-ல் பரிசோதித்தபோது, முதல் தலைமுறைக் கலப்புத் தவளைகளின் தாய் எப்பொழுதும் கிராடியோஸாவாகவே இருந்தது. குளத்தின் அமைப்பைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். கிராடியோஸாவின் ஆண் நீரில் மிதந்தபடி கத்துவது. சினெரியாவின் ஆண் கரையோரச் செடிகளில் அமர்ந்திருப்பது. தன் இனத்துக் குரலைக் கேட்டு, பிழையின்றி அதை நோக்கி வரும் கிராடியோஸாப் பெண், கரையைத் தாண்டித்தான் நீரில் இறங்க வேண்டும். அந்த வழியில் சினெரியா ஆண் அதைப் பற்றிக்கொண்டு விடுகிறது. பெண்ணின் செவியில் குற்றமே இல்லை. கேட்டது சரி, புறப்பட்டது சரி, போய்ச் சேர்ந்தது தவறு. ஒலிபெருக்கியை வைத்துக் கூடத்தில் செய்யும் பரீட்சை எதுவும் இந்தத் தவற்றைக் காட்டாது, ஏனெனில் கூடத்தில் கரையும் இல்லை, கரையில் காத்திருப்பவனும் இல்லை. சினெரியாவும் இந்த அண்டை வாழ்க்கையில் மாறாமல் இருந்துவிடவில்லை. கிராடியோஸாவோடு சேர்ந்து வாழும் இடங்களில் அதன் ஆண்கள் உயரமான கிளைகளிலிருந்து கத்துகின்றன என்றும், குரலும் பெண்களின் விருப்பமும் விலகி நிற்கின்றன என்றும் ஹோபெலும் ஜெர்ஹார்டும் 2003-ல் எழுதினார்கள்.

ஐரோப்பாவிலோ கலப்பு ஒரு நிரந்தர ஸ்தாபனமாகவே நடந்து வருகிறது. லின்னேயஸ் 1758-ல் ரானா எஸ்குலென்டா என்று பெயரிட்டு இனமாகப் பதிவு செய்த உண்ணத்தக்க தவளை, வேறு இரண்டு இனங்களின் கலப்பு என்பதை 1960களில் போலந்து நாட்டு லெஷெக் பெர்கர் கண்டுபிடித்தார். அது தன் பெற்றோரில் ஒருவரின் மரபணுத் தொகுதியைக் கருவணுவில் சேர்க்காமல் உதறிவிட்டு, தலைமுறைதோறும் அந்த உதறிய இனத்தோடே மறுபடி கூடி வாழ்கிறது. அதன் ஆணின் குரலும் பெற்றோர் இருவர் குரலுக்கும் இடைப்பட்டதாக இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் லட்சக்கணக்கான தவளைகள் பங்கெடுக்கும் இவ்விவகாரத்தை ஒரு விபத்து என்று ஒதுக்குவது எனக்குச் சாத்தியமாகத் தோன்றவில்லை.

கச்சேரிக்கு வருவோம். பனாமாவின் ஹைலா எப்ராகாட்டா என்னும் மரத்தவளையை ஷ்வார்ட்ஸும் வெல்ஸும் 1980களில் ஆராய்ந்தார்கள். உறவினமான மைக்ரோசெஃபாலாவின் கூட்டக்குரல் அலையலையாக எழுந்து அடங்குவது. அது எழும்போது எப்ராகாட்டா ஆண்கள் கத்துவதைக் குறைத்து, அடங்கும் இடைவெளி வந்ததும் கத்துகின்றன. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு இது முறைவைத்துப் பாடும் மரியாதை. ஆனால் இரைச்சலோடு கலந்த குரலைவிடக் கலவாத குரலையே எப்ராகாட்டாவின் பெண்கள் நாடுவதனால், அந்த இடைவெளி ஆணுக்கு மரியாதைக்குரிய இடமல்ல, மிஞ்சியிருக்கும் ஒரே இடம். ஆஸ்திரேலியாவில் லிட்டில்ஜானும் மார்ட்டினும் 1969-ல் காட்டியது இதையும்விடத் தெளிவு: சூடோஃப்ரைன் செமிமார்மோராட்டா என்னும் சிறு தவளை, ஜியோக்ரினியா விக்டோரியானா கத்தும்போது தன் வாயை அடக்கிக்கொள்கிறது. ஒருவர் பேச மற்றவர் வாய்மூடும் ஏற்பாட்டுக்கு உலக வழக்கில் இசைவு என்று பெயரில்லை. ஒலிவெளியைப் பல இனங்கள் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன என்னும் கூற்றைப் பதினொரு தவளைச் சமூகங்களில் கணித முறைப்படி சோதித்த செக், போகார்ட், லௌஹீட் ஆகியோரின் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை, தற்செயலாக அமைவதைவிட மேலான பிரிவினை பெரும்பாலானவற்றில் இல்லை என்றே முடிவு கட்டியது. கச்சேரி கேட்டது நம் காதில்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. ஒலியொழுங்கு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இனங்களுக்கிடையே பரிணாமத்தால் உண்டானது, அதன் நுட்பத்தைச் சில கணக்குகளால் தள்ளிவிட முடியுமா என்று கேட்பார்கள். பிரேஸிலின் அட்லாண்டிக் வனத்தில் நடந்த ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பரவிய புல்ஃப்ராக்கின் குரலை, அதை அதற்கு முன் கேட்டேயிராத ஹிப்ஸிபோஅஸ் அல்போமார்ஜினாட்டஸ் என்னும் அந்நாட்டு மரத்தவளைக்கு ஒலிபரப்பியபோது, அது உடனே தன் குரலின் அதிர்வெண்ணை உயர்த்திக்கொண்டது. 2012-ல் போத்தும் கிராண்டும் இதை வெளியிட்டார்கள். உறவுமில்லை, பழைய அண்டையுமில்லை, பரிணாமம் தலையிடுவதற்கு ஓர் இரவின் அவகாசமுமில்லை. ஆயினும் வந்தேறியின் குரல் உள்ளூர்க் குரலைத் தள்ளிவிட்டது. ஒதுங்கிய குரலைப் பிற்பாடு வந்து அளப்பவர், ஆஹா, எவ்வளவு அழகாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன என்று வியப்பார்.

ஓர் இனத்தின் குரல் அயலினத்துக்கு அர்த்தமற்ற ஓசை என்பதும் இந்தக் கொள்கையின் ஒரு கிளை. பனாமாவின் டுங்காரா தவளைகள், வௌவால் போன்ற அபாயம் கடந்து சென்றபின் மறுபடி கத்தத் துணிவதற்கு, பக்கத்தில் வாழும் லெப்டோடாக்டைலஸ் இனத்தின் குரலையும் அபாயம் நீங்கியதற்கு அடையாளமாகக் கொள்கின்றன என்று ஃபெல்ப்ஸ், ராண்ட், ரையன் மூவரும் 2007-ல் காட்டினர். அந்த வௌவாலும் குரலைக் கேட்டே தவளையைப் பிடிப்பது. டட்டிலும் ரையனும் 1981-லேயே நிறுவிய விஷயம் இது. தவளை தன் வாயால் கெடும் என்று நம் பாட்டிமார் சொன்னதில் சாஸ்திரம் இருக்கத்தான் செய்கிறது.

இவையெல்லாம் விதிவிலக்குகள், பெரும்பாலான இரவுகளில் பெரும்பாலான பெண்கள் சரியான ஆணையே அடைகின்றன என்று கடைசியாகச் சொல்லுவார்கள். அடைகின்றன, ஆனால் எப்படி அடைகின்றன என்பதுதானே கேள்வி. சரியான ஆணை அடைவதற்காக மல்டிப்ளிகேட்டாவின் பெண் சிறந்த ஆணை விட்டது; ஃபெரியாரத்தின் ஆண் அதிக சக்தியைச் செலவழித்தது; செமிமார்மோராட்டா மௌனம் காத்தது. அமைதி நிலவுவதைச் சுட்டி, இங்கே சச்சரவே இல்லை என்று வாதிப்பது, அந்த அமைதிக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கணக்கில் எழுதாமல் விடுவதாகும்.

ஏட்டளவில் நின்றுவிடுகிற தர்க்கமாக இருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆனைமலையிலும் மூணாற்றிலும் உள்ள சோலைகளில், ராவோர்கெஸ்டிஸ் என்னும் புதர்த்தவளைப் பேரினத்தின் பல இனங்கள் அருகருகே கத்துகின்றன. உருவத்தால் பிரித்தறிய அரிய அவற்றைக் குரலால் பிரித்தறிவதும், மரத்தில் ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டிவைத்து எந்த இனம் எங்கே உண்டு என்று கணக்கெடுப்பதும் இன்றைய முறை. ஓர் இனத்துக்கு ஒரு குரல் என்னும் நம்பிக்கையோடு அந்தப் பதிவுகளைக் கேட்பவர், வலிய அண்டையினத்தின் முன் அடங்கிக் கிடக்கும் தவளையை அங்கே இல்லை என்று எழுதிவிடக் கூடும். அண்டையின் நெருக்கத்தால் திரிந்த குரலை வேறோர் இனத்தின் குரல் என்றும், ஒரு சோலையில் அளந்த குரலை எல்லாச் சோலைக்கும் பொதுவான குரல் என்றும் கொள்ளக் கூடும். தவளையின் குரலை வர்ணிக்கும் ஆராய்ச்சியாளர்கள் அன்றைய வெப்பநிலையைத் தவறாமல் குறிக்கிறார்கள், ஏனெனில் வெப்பம் மாறினால் குரல் மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்புக்குக் கீழே இன்னும் ஒரு வரியை, அந்த நேரத்தில் செவிக்கெட்டும் தூரத்தில் வேறு எந்தெந்த இனங்கள் கத்திக்கொண்டிருந்தன என்பதையும், சேர்த்து எழுத வேண்டும். எழுதாத பதிவை அரைப் பதிவாகவே நாம் எண்ண வேண்டும்.